கோமாளியின் மரணப்படுக்கை
டிக்கன்ஸின் சிறுகதை ஒன்றைப் பற்றிய ஆய்வு

நத்தாரையும் மனமாற்றத்தையும் இணைத்துப் பேசுங்கால், சாள்ஸ் டிக்கன்ஸ் 1843இல் வெளியிட்ட ‘நத்தார்க் கீதம்’ என்னும் சிறு நாவலே முதற்கண் நினைவுக்கு வரும். உலோபியாகிய ஸ்குரூஜ் ஓரிரவிற் கண்ட காட்சிகளால் உளந்திருந்தி, நத்தார்க் காலையிற் புதுமனிதனாய் எழுகின்றான். இதற்கு ஏழாண்டுகளின் முன்னரே, 1836இல், மீட்சி கைகூடாத ஒரு வாழ்வையும் டிக்கன்ஸ் தீட்டியிருந்தார். ‘பிக்விக் பத்திரங்கள்’ என்னும் நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் இடம்பெறும் ‘நாடோடி நடிகனின் கதை’ அதுவாகும். புகழில் முன்னையது மேம்பட்டதேனும், உண்மையிற் பின்னையது குறைந்ததன்று.

நத்தாருக்கு மறுநாள் ‘பாண்டமைம்’ என்னும் கோமாளிக்கூத்தைத் தொடங்குவது அக்கால ஆங்கில அரங்குகளின் மரபு. அத்தகைய கூத்துகளில் நடித்துப் பிழைக்கும் வறிய நடிகனொருவனே கதையின் நாயகன். குடிப்பழக்கம் அவன் உடலையும் தொழிலையும் ஒருங்கே அழித்தது. வெண்பூச்சுப் பூசிய அவன் முகம், அரங்கின் பின்னே நின்று காணும் சக நடிகனுக்குப் பிணத்தின் முகமாய்த் தோன்றுகின்றது. அவன் இரந்து கேட்கச் சில சிலிங்குகளைக் கொடுத்துத் திரும்பும் அந்நண்பனின் செவியில், கோமாளி மேடையில் விழுந்ததைக் கண்டு சபையோர் நகைக்கும் ஆரவாரம் விழுகின்றது. இவ்வொரு காட்சியே அவன் வாழ்வை முழுதும் உணர்த்திவிடுகின்றது.

பின்னர் மரணப்படுக்கையிற் கிடக்கும் அவனருகே மனைவி கண்விழித்திருக்கின்றாள். அவளை அடித்ததையும் பட்டினியிட்டதையும் அவன் மறைக்கவில்லை. குற்றத்தை உணர்தலே மீட்சியின் முதற்படியெனின், அதில் அவன் காலூன்றிவிட்டான். ஆயினும், பணிவிடை செய்பவளே தன்னைக் கொல்ல வருவதாக அஞ்சி நடுங்குகின்றான். மன்னிப்புக் கட்டிலருகே நிற்கின்றது; அவன் அச்சமோ அதனைப் பழிவாங்கலென்றே காண்கின்றது. கதையின் உயிர்நிலை இதுவே.

ஸ்குரூஜுக்கு வாய்த்தவை இரண்டு: செய்த தீங்கை ஈடுசெய்ய ஒரு மறுநாள், அதற்கு வேண்டிய பொருள். இவ்விரண்டும் இந்நடிகனுக்கு இல்லை. மாலையாயிற்று, மேடைக்குச் செல்லவேண்டும் என்று பிதற்றிப் பின்னர் அவன் இறக்கின்றான். இப்பிதற்றலை ஆசிரியர் மிகையாக நீட்டியிருப்பது குறையே. எனினும், குடியனைக் குற்றமற்றவனாக்கவும் அவர் முயலவில்லை. அவனை வெறுத்தொதுக்கவும் இடந்தரவில்லை. இந்நடுநிலை பாராட்டத்தக்கது.

கதை முடிந்ததும் பிக்விக் தம் கருத்தைக் கூற வாய்திறக்கின்றார். அவ்வேளை விருந்தினர் வந்துவிட, அக்கருத்து நமக்குக் கிட்டாமலே போகின்றது. இது வெறும் நகைச்சுவையன்று. கோமாளியின் வீழ்ச்சியைக் கண்டு நகைத்த சபையோரும், அவன் முடிவைக் கேட்டபின் விருந்தினரை வரவேற்கும் கனவான்களும் ஒருவகையில் ஒத்தவரே. அவர் கூறாது விட்ட தீர்ப்பு நூலைக் கற்போரைச் சார்ந்தது. திருந்த விழைவோனுக்கு ஒரு மறுநாள் கிடைக்குமாறு காலத்தில் உதவுவோர் யார் என்பதே இக்கதை எழுப்பும் வினா. அதற்கு ‘நத்தார்க் கீதம்’ மட்டும் விடையாகாது.