பேராக்கின் மஸல் கார் எது?

ஈப்போவில் புந்தோங், சிலிபின், மெங்லெம்பு வட்டாரத் தாமான்களில் நடந்து போனால், வீட்டு போர்ச்சில் தார்பாலின் போர்த்திய பழைய கார்களைப் பார்க்கலாம். வேலை முடிந்து வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, அந்த பானெட்டின் மேல் குனிகிறவர் பெரும்பாலும் தொழில்முறை போமன் அல்லர். லாரி ஓட்டுநராக இருப்பார், தொழிற்சாலை டெக்னீஷியனாக இருப்பார், பள்ளி ஆசிரியராகவும் இருப்பார். அவர் உழைப்பைப் பற்றி நம்மிடம் இரண்டே பேச்சுகள் உண்டு. வீட்டார் வீண் செலவு என்பார்கள். நண்பர்கள் கண்ணை மூடிக்கொண்டு பாராட்டுவார்கள். இரண்டும் மதிப்பீடு ஆகாது. எந்தக் காரைக் கட்டுவது தகும், எப்போது அது முடிந்தது எனக் கொள்ளலாம், முடித்த பின் அதை எப்படி அனுபவிக்கலாம் என்ற கேள்விகளுக்கு அளந்து பார்த்து விடை சொல்ல வேண்டும். அந்த உழைப்புக்கு நாம் தரும் மரியாதை அதுதான்.

அளவுகோலை மஸல் காரின் பிறப்பிலிருந்தே எடுக்கலாம். 1964இல் அமெரிக்காவின் போன்டியாக் நிறுவனம், டெம்பெஸ்ட் என்ற நடுத்தரக் காருக்குள் பெரிய கார்களுக்கான 6.4 லிட்டர் வி-8 எஞ்சினை வைத்து, ஜிடிஓ என்று விற்றது. காரின் விலைக்கு மேல் ஏறத்தாழ 300 டாலர் கொடுத்தவருக்கு 325 குதிரைத்திறன் கிடைத்தது. சாதாரண உடல், அதற்கு மீறிய எஞ்சின், சம்பளக்கார இளைஞன் எட்டிப் பிடிக்கக்கூடிய விலை: இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அந்தக் காரின் எண்ணம். எட்டு சிலிண்டர் அந்த நாட்டில் அன்று மலிவாகக் கிடைத்தது, அதனால் வந்து சேர்ந்தது. எண்ணத்தை விட்டுவிட்டுச் சிலிண்டர்களை மட்டும் எண்ணுகிறவர் மஸல் காரின் தோற்றத்தைத்தான் நகலெடுக்கிறார்.

இந்த வரலாற்றில் பேராக்குக்கும் பங்கு உண்டு. 1877இல் ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். அந்தக் காலத்து மரம் ஒன்று அவ்வூரில் இன்றும் பேணப்படுகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கார்கள் பெருகப் பெருக, டயருக்கான பால் மலாயாவின் தோட்டங்களிலிருந்து போனது. பெரிய தோட்டங்களில் அந்தப் பாலை வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர். துரையிடம் கார் இருந்தது. பெரிய கிராணிக்கு ஒரு மோரிஸ் மைனர் வாய்த்திருக்கலாம். லயத்துக்குச் சைக்கிள்தான் வந்தது. பிறகு பால்மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை ஏறியது. பல தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டன. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் முதன்முதலாகத் தங்கள் பெயரில் வாங்கிய கார்கள் பெரும்பாலும் கைமாறி வந்த டாட்சன் 120ஒய், டொயோட்டா கொரோலா, பின்னாளில் ப்ரோட்டோன் சாகா போன்றவை. தோட்டத்து ஸ்டோரிலும் லாரி ஷெட்டிலும் எஞ்சின் பழகிய கைகளின் அறிவும் அவர்களோடு தாமானுக்கு வந்தது. பேராக் தமிழரின் மஸல் காரைத் தேடுகிறவர் இந்தக் கார்களிடம்தான் முதலில் வர வேண்டும்.

நான் நான்கு அளவுகோல்களை முன்வைக்கிறேன். ஒன்று, சாதாரணச் சம்பளக்காரர் அந்தக் காரைக் கட்டி, ஆண்டுதோறும் சாலையில் வைத்திருக்க இயலுமா? இரண்டு, கூட்டிய ஆற்றலுக்கு ஏற்ப பிரேக்கும் ரேடியேட்டரும் உடலும் தகுதி பெற்றிருக்கின்றனவா? மூன்று, செய்த மாற்றம் பதிவில் ஏறியிருக்கிறதா? நான்கு, கார் ஓடுகிறதா?

முதலில் அசல் அமெரிக்க வி-8. பழைய மஸ்டாங்கின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் 2015 மாடலுக்கு முன் ஃபோர்ட் நிறுவனம் தன் தொழிற்சாலையில் மஸ்டாங்கை வலப்பக்க ஸ்டீயரிங்கோடு செய்ததில்லை. பழைய ஒன்றை இங்கே கொண்டுவர நினைப்பவர் இறக்குமதி அனுமதி, சுங்கவரி, ஸ்டீயரிங் மாற்றும் வேலை என்று செலவை அடுக்க வேண்டியிருக்கும். அது ஒருமுறை செலவு என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாலும், ரோட்டெக்ஸ் எனும் சாலை வரி ஆண்டுதோறும் வரும். தீபகற்ப மலேசியாவில் தனியார் சலூன் காருக்கான வழக்கமான விகிதப்படி, 3,000 சிசிக்கு மேற்பட்ட எஞ்சினுக்கு அடிப்படைத் தொகை 2,130 வெள்ளி. அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 4 வெள்ளி 50 காசு. ஐந்து லிட்டர் எஞ்சின் என்றால் ஆண்டுக்கு 11,130 வெள்ளி. காரைச் சாலையில் வைத்திருக்க வேண்டுமானால், எவ்வளவு குறைவாக ஓட்டினாலும் கட்ட வேண்டிய தொகை இது. இதைக் கட்டக்கூடியவர் தாராளமாக வாங்கட்டும். ஆனால் எளியவன் எட்டக்கூடிய வேகம் என்ற மூல எண்ணத்திலிருந்து ஈப்போவில் மிகத் தொலைவில் நிற்கும் கார், அந்த எண்ணத்தைப் பிறப்பித்த அமெரிக்கக் காரேதான். முதல் அளவுகோலிலேயே அது விழுகிறது.

அடுத்தது, எதையும் மாற்றாமல் அசலாக மீட்டெடுப்பது. இந்தத் தரப்பின் வாதம் வலுவானது. ஒரு காரின் அசல் நிலை ஒருமுறை போனால் திரும்பாது. அடுத்த தலைமுறைக்கு நாம் விட்டுச்செல்வது நம் விருப்பத்தின் பதிவா, அந்தக் காலத்தின் சான்றா என்று அவர்கள் கேட்கிறார்கள். 1985 ஜூலை 9 அன்று அறிமுகமான ப்ரோட்டோன் சாகாவைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு நான் முழுமையாகத் தலைவணங்குகிறேன். நாட்டின் முதல் தேசியக் கார் அது. மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்ட அந்த 1.3 லிட்டர் சலூன், எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் புதுக் கார். முன்சக்கர இயக்கம் என்பதால், எஞ்சினைப் பெரிதாக்கினால் திருப்புகிற சக்கரங்களே கூடுதல் இழுவையையும் சுமக்கும். முடுக்கும்போது ஸ்டீயரிங் கையை இழுக்கும். தொடக்ககாலச் சாகா ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் அதை அப்படியே காப்பாற்றுங்கள். மாற்றினால் இழப்பு பெரிது, ஆதாயம் சிறிது.

ஆனால் இந்த நியாயத்தை எல்லாப் பழைய கார்களுக்கும் நீட்டுவது மிகை. கொரோலா உலகில் மிக அதிகமாக விற்ற கார்களுள் ஒன்று. அதன் ஒவ்வொரு பிரதியும் அருங்காட்சியகப் பொருள் அன்று. இங்கே பொருத்தமான நெறி, பழம்பொருள் பாதுகாப்பில் சொல்லப்படுவதுதான்: மாற்றம் திரும்பப் பெறத்தக்கதாக இருக்க வேண்டும். கழற்றிய எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் பூசி எடுத்துவைத்து, உடலை வெட்டாமல் வேலை செய்தவர் அசலை அழித்தவர் ஆகமாட்டார்.

இனி மூன்றாவது தரப்பு: 1979இல் ஜப்பானில் அறிமுகமாகி, 80களில் நம் சாலைகளில் எங்கும் ஓடிய கொரோலா கேஇ70. பின்சக்கர இயக்கம், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, 1,290 சிசி 4கே எஞ்சின். பலர் இதற்குள் 4ஏஜி எஞ்சினை வைக்கிறார்கள்: 1,587 சிசி, இரட்டை கேம்ஷாஃப்ட், 16 வால்வு. 1983இல் வந்த ஏஇ86 காரில் இருந்த எஞ்சின் இது. இனிஷியல் டி என்ற ஜப்பானியச் சித்திரக்கதை அந்தக் காரை ஆசியா முழுவதும் புகழாக்கியது. ஏஇ86இன் அடித்தளமே கேஇ70 தலைமுறையிலிருந்து வந்ததால், குறுக்குச் சட்டமும் கியர்பாக்ஸும் உறவு கொண்டாடி உட்காருகின்றன. ஆற்றல் கிட்டத்தட்ட இரு மடங்காகிறது. ரோட்டெக்ஸ் 70 வெள்ளியிலிருந்து 90 வெள்ளிக்குப் போகிறது. இருபது வெள்ளி வித்தியாசத்தில் இரு மடங்கு ஆற்றல் என்பதை 1964இன் ஜிடிஓ கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாதாரண உடல், மீறிய எஞ்சின், எட்டக்கூடிய செலவு மூன்றும் இங்கே பொருந்துகின்றன. ஜப்பானிலிருந்து ஹாஃப் கட்டாக, அதாவது வெட்டிய பாதிக் காரோடு, வந்த எஞ்சின்களைக் கொண்டு வீட்டு போர்ச்சிலேயே இதைச் செய்து முடித்த கைகள் உண்டு. முதல் அளவுகோலில் கேஇ70 மற்ற எல்லாவற்றையும் வெல்கிறது.

ஆனால் வீட்டில் கட்டிய பல கேஇ70 கார்கள் இரண்டாவது அளவுகோலில் தோற்கின்றன. இதை நண்பர்கள் முகத்துக்கு நேரே சொல்வதில்லை, சொல்லியாக வேண்டும். பணம் போகும் வரிசை பெரும்பாலும் எஞ்சின், ரிம், பெயின்ட், இருக்கை, கடைசியில் பிரேக். இது தலைகீழ். வேகம் 80 கிலோமீட்டரிலிருந்து 110க்கு ஏறினால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 1.9 மடங்காகிறது. எழுபது குதிரைத்திறனுக்கும் குறைவான எஞ்சினுக்காகச் செய்த முன் டிஸ்க்கையும் பின் டிரம்மையும் வைத்துக்கொண்டு கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்குகிறவர், பாதி வழியில் பெடல் இளகுவதை உணர்வார். பெரிய டிஸ்க், புதிய ஹோஸ், நல்ல பிரேக் எண்ணெய் ஆகியவை எஞ்சினுக்கு முன்பே வாங்க வேண்டியவை. பெட்ரோல் பம்ப்பும் அப்படியே. கார்ப்புரேட்டருக்கான மெலிந்த குழாய் வழியாக இன்ஜெக்ஷனின் உயர் அழுத்தத்தைச் செலுத்துவது தீயோடு விளையாடுவது. முன்சக்கரக் காரிலிருந்து எடுத்த எஞ்சினை நீளவாக்கில் திருப்பி வைத்தால் தண்ணீர்க் குழாய்களும் மவுண்டிங்கும் மாற வேண்டும்; அதை அரைகுறையாகச் செய்தவரின் கார் நெரிசலில் கொதிக்கும்.

உடலைப் பற்றியும் ஒரு சொல். இதே மாநிலத்தின் தைப்பிங்கில் ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஈப்போ அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் இங்கும் மழைக்குப் பஞ்சமில்லை. கதவடிச் சட்டம், தரைத்தகடு, முன் சஸ்பென்ஷன் கோபுரம், கண்ணாடிச் சட்டம் என்று துரு பிடிக்கும் இடங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. அங்கே தகட்டை வெட்டி ஒட்டாமல் புட்டி பூசி மறைத்த காருக்கு இரட்டிப்பு ஆற்றல் கொடுப்பது ஆபத்து. பின்னிருக்கைப் பட்டை 2009 முதல் இந்நாட்டில் கட்டாயம். பழைய வண்டிக்குச் சட்டம் சலுகை தந்தாலும், மோதலின் விசை சலுகை தராது. ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லாத காரில் பிள்ளைகளை ஏற்றுகிறவர் நான்கு இருக்கைக்கும் பட்டை போட்டே ஆக வேண்டும்.

மூன்றாவது அளவுகோல் காகிதம். எஞ்சின் மாற்றத்துக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் ஒப்புதலும் வாகனச் சோதனையும் வேண்டும்; புதிய எஞ்சின் எண்ணும் சிசியும் காரின் பதிவுச் சான்றான கிராண்டில் ஏற வேண்டும். எஞ்சின் வாங்கிய ஆவணத்தைத் தொலைத்தவர் இங்கேயே சிக்கிக்கொள்கிறார். இதை வெறும் அலுவலகத் தொல்லை என்று தள்ளுகிறவர்கள் காப்புறுதியை மறந்துவிடுகிறார்கள். அறிவிக்காத எஞ்சினோடு விபத்தில் சிக்கினால், காப்புறுதி நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு. அப்போது அடிபட்ட மூன்றாம் மனிதரின் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? பதிவில் ஏறாத எஞ்சின் கொண்ட கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் முடிக்கப்படாத கார் என்றே நான் தீர்ப்புச் சொல்வேன்.

நான்காவது, ஓட்டம். கண்காட்சிப் பரிசை நான் கணக்கில் சேர்க்காததற்குக் காரணம் இருக்கிறது. நிற்கிற காரை மட்டுமே பார்க்கும் நடுவர் பெயின்ட்டையும் குரோமையும் எடைபோடலாம். பிரேக்கையும் ரேடியேட்டரையும் எடைபோட முடியாது. பரிசுக்காகக் கட்டிய காரின் உரிமையாளர் கல் தெறிக்கும் என்று பயந்து சாலைக்கே வர மாட்டார். சக்கரத்தைச் சாய்த்து, உடலைத் தரையோடு தரையாக இறக்கி வைக்கும் மோஸ்தரும் இதே நோயின் இன்னொரு முகம். மேடு தட்டும் கார் எங்கும் போகாது. நள்ளிரவில் பொதுச்சாலையில் பந்தயம் விடுவதோ அனுபவம் என்ற பெயருக்கே தகுதியற்றது. அது அடுத்தவர் உயிரைப் பணயம் வைக்கும் குற்றம்.

அப்படியானால் அனுபவம் என்பது எது? கூட்டரசுச் சாலையில் உச்சவேகம் 90, நெடுஞ்சாலையில் 110. பெரிய வி-8 இந்த வேகத்தில் விழித்துக்கூடப் பார்ப்பதில்லை. 4ஏஜி பொருத்திய சின்னக் கொரோலாவோ 7,000 சுற்றைத் தாண்டிப் பாடக்கூடியது. இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும், சட்டத்துக்குள் இருந்தபடியே, ஓட்டுகிறவரின் கைக்கும் காலுக்கும் வேலை கொடுக்கிறது. சிம்பாங் பூலாய் ஏற்றம், ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போகும் பழைய சாலை, லுமுட் கடற்கரைப் பயணம், தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போவது எல்லாம் இந்தக் காருக்கு ஏற்ற ஓட்டங்கள். தானே இறுக்கிய ஒவ்வொரு நட்டையும் நம்பி, மனைவி மக்களை ஏற்றிச் சென்று திரும்பும்போது வருகிற நிம்மதி, எந்தக் கோப்பையாலும் தர முடியாத மதிப்பீடு. இந்த உழைப்பு வீண் செலவு அன்று என்பதற்கு அதுவே சான்று.

முடிவாகச் சொல்கிறேன். பேராக் தமிழரின் மஸல் கார், பின்சக்கர இயக்கம் கொண்ட பழைய சிறு சலூன்; அதில் முதலிடம் 4ஏஜி எஞ்சின் ஏற்றிய கேஇ70 கொரோலாவுக்கு. அசல் வி-8 வசதி படைத்தவரின் சேகரிப்பு. தொடக்ககாலச் சாகா தொடாமல் காக்க வேண்டிய சொத்து. கொரோலாவுக்கு நான் தரும் இந்த முதலிடமும் நிபந்தனைக்குட்பட்டது: பிரேக் எஞ்சினுக்கு இணையாக வேண்டும், கிராண்டில் எண் மாற வேண்டும், மழைநாளில் கோலாலம்பூர் வரை போய் இழுவை வண்டி இல்லாமல் திரும்ப வேண்டும். அந்த நாளில் கார் முடிந்துவிட்டது என்று கொள்ளுங்கள். அடுத்த பாகத்துக்குக் காசு சேர்ப்பதை நிறுத்திவிட்டு ஓட்டத் தொடங்குங்கள். தார்பாலினுக்குக் கீழே ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் கார் உங்களிடம் இருந்தால், இந்த மாதம் வாங்கும் முதல் பொருள் பிரேக் டிஸ்க்காக இருக்கட்டும்.