நாற்பது ஒட்டுகள்

ஒரு படைப்பை ஆழமாகப் படித்தவர் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதைப் பற்றி நாலு பக்கம் எழுதியவரா, மனப்பாடமாக ஒப்பிப்பவரா? என் தொழிலில் இதற்குக் கறாரான ஒரு சோதனை உண்டு. யாரோ எழுதிவிட்டுப் போன பழைய நிரலுக்குள் கையை விட்டு, வேண்டிய இடத்தை மட்டும் மாற்றி, மீதி உடையாமல் ஓடவைத்தால் நீங்கள் அதைப் படித்திருக்கிறீர்கள். முழுவதையும் தூக்கிப்போட்டுப் புதிதாக எழுத யாராலும் முடியும். மாற்றத் தேவையில்லாதது எது என்று தெரிந்திருப்பதுதான் வாசிப்பு.

இந்த அர்த்தத்தில், நான் அறிந்த மிகச் சிறந்த விமர்சனங்களில் ஒன்று 1981இல் எழுதப்பட்டது. அது கட்டுரை இல்லை, சின்ன ஒரு சர்க்யூட் போர்டு. விமர்சிக்கப்பட்ட படைப்பு பேக்-மேன்.

பேக்-மேனைத் தெரியாதவர் குறைவு. ஜப்பானின் நம்கோ நிறுவனத்தில் டோரு இவாதானி வடிவமைத்து 1980இல் வெளிவந்த ஆர்கேட் விளையாட்டு. ஒரு சுற்றுப்பாதை, 240 புள்ளிகள், மூலைக்கு ஒன்றாக நாலு பெரிய புள்ளிகள், நாலு பேய்கள். மஞ்சள் வட்டம் ஒன்று எல்லாவற்றையும் தின்றுகொண்டே ஓட வேண்டும். அமெரிக்காவில் மிட்வே நிறுவனம் இதை விற்றது. ஆளுயர மரப்பெட்டி, உள்ளே திரை, போர்டு, காசு போடும் துளை. ஒரு ஆட்டத்துக்கு ஒரு குவார்ட்டர். (குவார்ட்டர் என்றால் இங்கே 25 சென்ட் நாணயம் மட்டும்தான்.)

இதன் அழகு பேய்களின் குணத்தில் இருக்கிறது. சிவப்புப் பேய் நேராகத் துரத்தும். இளஞ்சிவப்புப் பேய் நீங்கள் போகப்போகிற இடத்துக்கு நாலு கட்டம் முன்னால் குறிவைக்கும். ஆரஞ்சுப் பேய் கிட்டே வந்ததும் பயந்தமாதிரி ஒதுங்கிப்போகும். மூன்று நான்கு வரிக் கணக்கில் ஒரு குணச்சித்திரத்தை எழுதிவிட முடியும் என்று இவாதானியின் குழு காட்டியது.

குறையும் அதே இடத்தில்தான் இருந்தது. பேய்களின் அசைவில் தற்செயல் என்பதே கிடையாது. நீங்கள் அதே திருப்பங்களை அதே நேரத்தில் திருப்பினால் அவையும் அச்சுப்பிசகாமல் அதையே செய்யும். சுற்றுப்பாதையோ எல்லாக் கட்டத்துக்கும் ஒன்றே ஒன்று. ஆக, வழியை மனப்பாடம் செய்துவிட்டால் முடிந்தது கதை. வழிகளைப் படம்போட்டு விளக்கும் புத்தகங்கள் கடைக்கு வந்தன. ஒரு குவார்ட்டரைப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் நிற்கும் பையன்கள் வந்தார்கள். துரத்தப்படுகிற திகில் போய், பாராயணம் மிஞ்சியது.

இந்தக் குறையை முதலில் உணர்ந்தவர்கள் இலக்கிய மனம் படைத்தவர்கள் அல்ல, பெட்டியைக் காசு கொடுத்து வாங்கிக் கடையில் வைத்தவர்கள். ஒரே பையன் ஒரு மணிநேரம் நின்றால் பெட்டிக்குள் காசு விழாது. டக் மெக்ரேயும் கெவின் கரனும் அப்படிப் பெட்டி வைத்திருந்த மாணவர்கள். படித்தது எம்.ஐ.டி.யில், நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, மாசசூசெட்ஸ். விடுதியில் அவர்கள் வைத்திருந்த அடாரியின் மிசைல் கமாண்ட் இயந்திரங்களில் வசூல் குறைந்தது. புது இயந்திரம் வாங்க ஆயிரக்கணக்கில் டாலர் வேண்டும். அதற்குப் பதில் பழைய போர்டில் செருகக்கூடிய ஒரு சேர்மானத்தை எழுதினார்கள். அதை ‘சூப்பர் மிசைல் அட்டாக்’ என்ற பெயரில் மற்ற கடைக்காரர்களுக்கும் கிட்டாக விற்றார்கள். ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. அடுத்து அவர்கள் கைவைத்தது பேக்-மேனில். அந்தக் கிட்டின் பெயர் ‘கிரேசி ஓட்டோ’. மஞ்சள் வட்டத்துக்குக் கால் முளைத்திருந்தது.

அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். விமர்சனம் என்று நான் சொல்வது அங்கேதான் இருக்கிறது.

பேக்-மேன் நிரல் மொத்தம் 16 கிலோபைட். நாலு ரோம் சிப்களில் எரிக்கப்பட்டிருந்தது. அதில் அவர்கள் ஒரு பைட்டைக்கூட அழிக்கவில்லை. இசட்-80 பிராசஸரைச் சாக்கெட்டிலிருந்து கழற்றி, அந்தச் சாக்கெட்டில் தங்கள் துணைப்போர்டின் கேபிளைச் செருகினார்கள். பிராசஸர் இப்போது துணைப்போர்டில். அது எந்த முகவரியைப் படிக்கக் கேட்டாலும் கேள்வி முதலில் துணைப்போர்டின் வழியாகத்தான் போகும். பெரும்பாலான இடங்களில் போர்டு வாயைத் திறக்காது. அசல் சிப்பே பதில் சொல்லும். நாற்பது இடங்களில் மட்டும் குறுக்கே வந்து, அசல் சொல்ல வந்ததற்குப் பதிலாகத் தன் எட்டு பைட்டைத் தரும். நாற்பது ஒட்டு, ஒட்டுக்கு எட்டு பைட்: 320 பைட். அந்த ஒட்டுகள் வழியாக ஓட்டம் புதிய சிப்களில் இருக்கும் புதிய நிரலுக்குத் தாவும், வேலை முடிந்ததும் மூலத்துக்கே திரும்பும்.

தமிழ் வாசகருக்கு இந்த அமைப்பு புதிதில்லை. மூலத்தைத் தொடாமல் பக்கத்தில் நின்று பேசுவது உரை. உரை நன்றாக அமைந்துவிட்டால் பிறகு வருகிறவர்கள் மூலத்தை அதன் வழியாகத்தான் படிப்பார்கள்.

நாற்பது ஒட்டுகள் என்ன சொல்கின்றன? முதலாவது, ஒரு சுற்றுப்பாதை போதாது. நாலாக்கினார்கள். இரண்டாவது, பழம் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கக் கூடாது. பக்கவாட்டுச் சுரங்கத்தில் நுழைந்து, பாதையெல்லாம் துள்ளித் திரிந்து, பிடிக்காவிட்டால் வெளியேறிவிட வேண்டும். மூலத்தில் பழம் ஒரு பரிசு. இங்கே இன்னொரு பாத்திரம். மூன்றாவதுதான் நுட்பமானது. பேய்களைக் கணிக்க முடியாதவையாக்க, அவற்றின் மூளையை மாற்றி எழுதியிருக்கலாம். செய்யவில்லை. கட்டம் தொடங்கும் சில விநாடிகள் மட்டும் சிவப்பும் இளஞ்சிவப்பும் தற்செயலாகத் திரியும். அப்புறம் பழைய குணம். அந்தச் சில விநாடிக் குழப்பம் போதும், மனப்பாடம் செய்த வழி எங்கும் பொருந்தாது. நோய் ஆரம்பத்தில் இருக்கிறது, குணத்தில் இல்லை என்று கண்டுபிடித்தவர்களின் வைத்தியம் அது. இவாதானியின் பேய்களை இதைவிட மரியாதையாக யாரும் படித்ததில்லை.

படமும் ஒலியும் இப்படியே. உருவங்கள் இருக்கும் இரண்டு சிப்களை மாற்றினார்கள். வண்ணங்களை நிர்ணயிக்கும் சிப்களை அப்படியே விட்டார்கள். சுற்றுப்பாதையின் சுவர்கள் இளஞ்சிவப்பாகவும் வெளிர்நீலமாகவும் மாறியது புது வண்ணங்களால் இல்லை, ஏற்கெனவே பெட்டிக்குள் இருந்த வண்ணங்களை வேறு இடத்தில் பூசியதால். ஒலி அலையின் வடிவங்கள் இருக்கும் சிப்பும் பழையதே. அதே மூன்று குரல்கள், வேறு மெட்டு.

எல்லா ஒட்டும் உரை ஆகிவிடாது என்பதற்கு எதிர் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 1982இல் மிட்வே அதிகாரபூர்வமாகவே ‘பேக்-மேன் பிளஸ்’ என்று ஒரு கிட்டை வெளியிட்டது. பழத்துக்குப் பதில் கோகோ-கோலா டப்பா. பெரிய புள்ளியைத் தின்றால் சில சமயம் மூன்று பேய் மட்டும் நீலமாகும், சில சமயம் சுற்றுப்பாதையே கண்ணுக்கு மறைந்துபோகும். பாதை அதே பழைய ஒன்று. மூலத்தில் எது அலுத்தது என்று யோசிக்காமல், ஆடுகிறவனைத் தொந்தரவு செய்தால் அதுவே புதுமை என்று நினைத்தவர்களின் வேலை. உரிமை கையில் இருந்தது, வாசிப்பு இல்லை.

ஓட்டோவுக்கு என்ன ஆனது? சூப்பர் மிசைல் அட்டாக்குக்காக அடாரி 1.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. கடைசியில் சமரசம்: அடாரி அந்தப் பையன்களையே விளையாட்டு எழுத அமர்த்திக்கொண்டது. அசல் தயாரிப்பாளரின் சம்மதம் இல்லாமல் இனிக் கிட் விற்பதில்லை என்று அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். கையில் தயாராகிக்கொண்டிருந்த ஓட்டோவை எடுத்துக்கொண்டு 1981 அக்டோபரில் மிட்வேயிடம் போனார்கள். பேக்-மேனுக்கு அடுத்து என்ன என்று காத்துக்கொண்டிருந்த மிட்வே வாங்கிக்கொண்டது. கால்களை எடுத்து, மஞ்சள் வட்டத்துக்குச் சிவப்பு ரிப்பன், உதட்டுச்சாயம், ஒரு மச்சம் வைத்தார்கள். பெட்டி மஞ்சளிலிருந்து நீலமானது. 1982இல் ‘மிஸ் பேக்-மேன்’ வெளியானது. ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. தொழிற்சாலையிலிருந்து வந்த அந்தப் பெட்டிகளுக்குள்ளும் பேக்-மேன் போர்டும் துணைப்போர்டும்தான் இருந்தன. அமெரிக்க ஆர்கேட் வரலாற்றில் மிக அதிகம் விற்ற இயந்திரங்களில் ஒன்று உண்மையில் ஒட்டுப்போட்ட பெட்டி.

பெயர் வந்த கதையும் சொல்ல வேண்டியதே. இடைக்காட்சிகளை மூன்று அங்கமாக அவர்கள் ஓட்டோவிலேயே எழுதியிருந்தார்கள்: சந்திக்கிறார்கள், துரத்துகிறார்கள், மூன்றாவதில் நாரை ஒரு குழந்தையைக் கொண்டுவருகிறது. பெயரில் ‘மிஸ்’ என்று போட்டால் கல்யாணமாகாதவளுக்குக் குழந்தை. ‘மிஸஸ்’ பொருத்தமாகப்படவில்லை. கடைசியில், கல்யாணமானதா இல்லையா என்று சொல்ல மறுக்கும் இன்னொரு ‘மிஸ்’. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே விழும். ஆங்கிலத்தில் அன்று பெண்ணியவாதிகள் போராடிக்கொண்டிருந்த அடைமொழி அது. கொள்கையாக வரவில்லை, ஒரு குழந்தையின் கணக்கைச் சரிசெய்ய வந்தது. படைப்பின் பலவீனமான ஒட்டும் இதுதான். ரிப்பன் கட்டினால் பெண் என்ற ஓவியம் எதையும் படிக்கவில்லை. பாதையிலும் பேயிலும் காட்டிய நுணுக்கத்துக்கு முன்னால் அது வெறும் அலங்காரம்.

இன்று பழைய ஆர்கேட் பெட்டியை வாங்கிப் புதுப்பிக்கும் பலர் இந்த அலங்காரத்தைத்தான் தொடர்கிறார்கள். பக்கவாட்டில் பளபளக்கும் வினைல் ஓவியம், பொத்தானுக்கு உள்ளே விளக்கு, உள்ளே 60 விளையாட்டு இருக்கும் ஒரே போர்டு. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அறுபதில் ஒன்றைக்கூடப் படித்த தடயம் அந்தப் பெட்டியில் இருப்பதில்லை. அட்டையை மாற்றுவதற்கும் உரை எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. அதனாலேயே, வேலை முடிந்த ராத்திரிகளில் உட்கார்ந்து ஒரு பழைய ரோமைப் பிரித்து, ஒரே ஒரு சுற்றுப்பாதையைப் புதிதாக வரைந்து சேர்க்கிறவர்மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

ஆனால் அப்படி எழுதிய உரை யாருக்குச் சொந்தம்? சட்டம் இதில் ஒரு விசித்திரமான பதிலை வைத்திருக்கிறது. ஓட்டோவை வாங்கிய அதே மிட்வே, ஆர்டிக் இன்டர்நேஷனல் என்ற நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டது. அவர்கள் விற்ற ஒரு சிப் கேலக்ஸியன் விளையாட்டை வேகப்படுத்தும். இன்னொன்று ஏறக்குறைய பேக்-மேனின் நகல். நகலைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. வேகப்படுத்துவதைப் பற்றி 1983இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதுதான் சுவாரசியம். 33 ஆர்.பி.எம். இசைத்தட்டை 45இலோ 78இலோ ஓட்டினால் அது புதுப் படைப்பாகாது, ஏனென்றால் அப்படிக் கேட்க யாரும் விரும்புவதில்லை. வேகமான வீடியோ விளையாட்டுக்கோ பெரிய கிராக்கி இருக்கிறது. ஆகவே அது வழிப்படைப்பு, அதைச் செய்யும் உரிமை மூலத்தின் உரிமையாளருக்கே.

யோசித்துப் பாருங்கள். மாற்றம் எவ்வளவு ஆழமானது என்று நீதிமன்றம் கேட்கவில்லை, எவ்வளவு விற்கும் என்று கேட்டது. யாருக்கும் வேண்டாத உரையை எழுத உங்களுக்கு உரிமை உண்டு. எல்லாரும் விரும்பும் உரை உரிமையாளருடையது. ஒரு உரையாசிரியனுக்கு இதைவிடக் கசப்பான பாராட்டு கிடைக்காது. மூலத்தை எழுதியவருக்கும் உரிமை உண்டு, மறுக்கவில்லை. இவாதானியின் பேய்கள் இல்லாமல் நாற்பது ஒட்டுகள் வெறும் 320 பைட் குப்பை. ஒட்டுப்போட்டவர்களும் புனிதர்கள் இல்லை. தங்கள் நிரலை யாரும் படிக்கக் கூடாது என்று துணைப்போர்டின் முகவரி, தரவுக் கம்பிகளைக் குழப்பிப் பூட்டி வைத்தார்கள். பிறர் நிரலைப் படித்துப் பிழைத்தவர்கள் செய்த பூட்டு!

இந்தச் சிக்கலின் விலையைக் கடைசியில் கொடுத்தது அந்தப் பாத்திரம். ஜெனரல் கம்ப்யூட்டர்காரர்களுக்கு இருந்த உரிமைத்தொகைப் பாத்தியதை ஆட்கேம்ஸ் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. நம்கோ 2019இல் அந்த நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டது, 2020இல் சமரசம். 1984இன் ‘பேக்-லாண்ட்’ 2022இல் மறுபடி வெளியானபோது அதில் மிஸ் பேக்-மேன் இல்லை. அவள் இருந்த இடத்தில் ‘பேக்-மாம்’ என்று ஒருத்தி நிற்கிறாள். நாற்பது வருஷப் பழக்கமுள்ள ஒரு முகத்தை, பழைய படைப்புக்குள்ளேயே போய் மாற்றிவிட்டார்கள்.

இதுவும் ஒரு ஒட்டுதான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1981இன் ஒட்டு எதையும் அழிக்கவில்லை. அந்தத் துணைப்போர்டைக் கழற்றி, இசட்-80ஐப் பழைய சாக்கெட்டில் வைத்தால், பேக்-மேனின் நிரல் ஒரு பைட் குறையாமல் அங்கேயே இருக்கும். 2022இன் ஒட்டைக் கழற்ற வழியில்லை. எது மரியாதை, எது வெறும் உரிமை என்பதற்கு எனக்கு இந்த வித்தியாசம் போதும்.