குணசாலியா, திறமைசாலியா?
நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரமும் பெண்ணின் உழைப்பும்

நம் சபைகளில் திருமண ஆராதனையிலும், பெண்கள் ஐக்கிய சங்க ஞாயிற்றுக்கிழமையிலும், மூதாட்டியார் ஒருவரின் அடக்க ஆராதனையிலும் தவறாது வாசிக்கப்படும் பகுதி நீதிமொழிகள் 31:10-31 ஆகும். இப்பகுதியின் மேல் நாம் கேட்டும் செய்தும் வந்துள்ள பிரசங்கங்களை நினைவுகூர்வோமாயின், அவற்றுள் பெரும்பாலானவை 'குணசாலி' என்னும் ஒரே சொல்லைச் சுற்றி வருவதைக் காணலாம். பெண்ணுக்கு அணிகலன் குணம். குணமாவது அடக்கம், பொறுமை, கணவனுக்குக் கீழ்ப்படிதல் என்று பிரசங்கம் விரிந்து செல்லும். ஆனால் அப்பாடலில் அடக்கம் பேசப்படவில்லை; பொறுமையும் பேசப்படவில்லை. அவள் வாய் திறப்பதைப் பற்றியே 26-ஆம் வசனம் பேசுகிறது. இல்லாத ஒன்றை இத்துணை எளிதாக நாம் அப்பாடலுள் வாசிக்க இடந்தந்தது எது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

எபிரெய மூலத்தில் இப்பெண் 'ஏஷெத் ஹாயில்' எனப்படுகிறாள். 'ஹாயில்' என்னும் சொல் ஆற்றல், வலிமை, செல்வம், படை ஆகிய பொருள்களைத் தருவது. செங்கடலில் அமிழ்ந்த பார்வோனின் இராணுவத்தைக் குறிப்பதும் இச்சொல்லே. நம் கைகளில் வழங்கிவரும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இச்சொல் எவ்வாறெல்லாம் உருமாறுகிறது என்பதைச் சற்று நிதானித்து நோக்க வேண்டும். கிதியோனைக் குறிக்கும்போது அவன் பராக்கிரமசாலி ஆகிறான் (நியா. 6:12). போவாசைக் குறிக்கும்போது அவன் ஆஸ்திக்காரன் ஆகிறான் (ரூத் 2:1). ஜனங்களை நியாயம் விசாரிக்க எத்திரோவின் யோசனைப்படி மோசே தெரிந்துகொள்ளும் ஆடவர், திறமையுள்ள மனுஷர் ஆகின்றனர் (யாத். 18:21, 25). அதே சொல் ரூத்தைக் குறிக்கும்போது மட்டும் அவள் குணசாலி (ரூத் 3:11). போவாசும் ரூத்தும் ஒரே புத்தகத்தில், ஓர் அதிகார இடைவெளியில், ஒரே சொல்லால் புகழப்படுகின்றனர். மூல ஆசிரியர் இருவரையும் இணையாக நிறுத்தக் கருதியே அவ்வாறு அமைத்தார் என்று கொள்வதில் தவறில்லை. தமிழில் வாசிப்போனுக்கு அந்த இணைவு தென்படுவதில்லை. ஒருவனுக்கு ஆஸ்தி, ஒருத்திக்குக் குணம்.

இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது 31:29. பெண்கள் பலர் ஹாயிலைச் 'செய்தனர்' என்பதே மூலத்தின் வினை. இதே வினையும் இதே பெயரும் சங்கீதம் 60:12-இலும் இணைந்து வருகின்றன. அங்கே நம் வேதாகமம் 'பராக்கிரமஞ்செய்வோம்' என்று முழங்குகிறது. அவ்வசனம் நம்முள் பலருக்கு மனப்பாடம். நீதிமொழிகளிலோ அப்பெண்கள் ஒன்றும் செய்யவில்லை. குணசாலிகளாய் இருந்தார்கள், அவ்வளவே. ஆணுக்குச் செய்கை, பெண்ணுக்கு இருப்பு என்று ஒரு வினைச்சொல்லே கைமாறிப் போயிருக்கிறது.

இப்பழியைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் மேல் மட்டும் சுமத்துதல் நீதியாகாது. ஆங்கில மொழிபெயர்ப்பு மரபும் இதே வழியிற் சென்றது. குணம் என்னும் சொல்லும் பழந்தமிழ் வழக்கில் இயல்பு, தன்மை என்று அகன்ற பொருளுடையதே. அதனை ஒழுக்கத்தளவிற் குறுக்கியவர்கள் பின்வந்த பிரசங்கிகள். எனினும் முன்னோர்க்கு வேறு வழி தெரிந்திருந்தது. கிறிஸ்துவுக்கு முன்னரே யூதர் செய்த கிரேக்க மொழிபெயர்ப்பு, வீரத்தைக் குறிக்கும் 'அந்திரெயா' என்னும் சொல்லையே இப்பெண்ணுக்குச் சூட்டியது. இலத்தீன் மொழிபெயர்ப்பும் வலிமையுள்ள பெண் என்றே கொண்டது. (கிரேக்கத்திலும் வீரத்தைச் சொல்ல ஆணைக் குறிக்கும் வேரினின்று பிறந்த சொல்லே கிடைத்தது; நம் 'ஆண்மை'யும் அவ்வாறானதே. மொழிகள் இவ்விஷயத்தில் ஒன்றுக்கொன்று உறவினர் போலும்.)

இது மொழிபெயர்ப்பாளர் மட்டும் கவலைப்படவேண்டிய நுட்பமன்று. ஆணிடம் திறமையைத் தேடுவதும் பெண்ணிடம் குணத்தைத் தேடுவதும் பணியிடங்களில் நாள்தோறும் நிகழும் பாகுபாடு. நியமனக் குழுவின் முன் ஓர் ஆண் வந்து நிற்கையில் அவன் என்ன செய்ய வல்லவன் என்று வினவுகிறோம். ஒரு பெண் வருகையில் மணமாயிற்றா, குழந்தைகளை யார் பார்ப்பார், கணவர் சம்மதித்தாரா என்று வினவுகிறோம். 1949-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண்மணியான சி. பி. முத்தம்மா, ஆடவர் எழுதிய அதே தேர்வில் தேறி வந்தவர், தூதுவராகவும் பணியாற்றியவர். ஆயினும் அப்பணியின் அன்றைய விதிகளின்படி, ஒரு பெண் அதிகாரி மணம் புரியுமுன் அரசின் அனுமதி பெறவேண்டியிருந்தது. குடும்பப் பொறுப்பு பணிக்கு இடையூறு என்று அரசு கருதினால் அவர் பதவி விலகுமாறு பணிக்கப்படலாம் என்றிருந்தது. ஆடவர்க்கு இவ்வாறான விதி இருக்கவில்லை. தமக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டதை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில், 1979-இல் உச்ச நீதிமன்றம், நீதிபதி கிருஷ்ணய்யரின் வாயிலாக, இவ்விதிகளைக் கண்டித்தது. திறமை ஐயமற நிறுவப்பட்ட பின்னரும் இல்லறத்தைக் காட்டி வாசலை அடைக்கலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஊதிய விஷயத்திலும் 'குணம்' தன் வேலையைச் செய்கிறது. செவிலியர் பணி, மழலையர் கல்வி, விடுதிப் பராமரிப்பு ஆகியன பெண்ணின் இயல்பினின்று ஊற்றெடுப்பவை என்று நாம் போற்றுகிறோம். இயல்பாய் வருவதற்குக் கூலி எதற்கு என்னும் எண்ணம் அப்போற்றுதலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதனைச் சேவை என்றும் ஊழியம் என்றும் அழைத்துவிட்டால், குறைந்த சம்பளத்தைப் பற்றிப் பேசுவதே பக்திக்குறைவாகிவிடும். 1976-இல் சம ஊதியச் சட்டம் இயற்றப்பட்ட நாட்டில், திருச்சபையின் நிறுவனங்கள் சட்டத்திற்கு முன்னே நடந்தனவா பின்னே நடந்தனவா என்பதை அவ்வவற்றின் சம்பளப் பதிவேடுகளே சொல்லும்.

நம் பாடலின் பெண்ணோ கூலியில்லாச் சேவகியல்லள். நிலத்தை விசாரித்து வாங்குகிறாள், தன் கைப்பொருளால் திராட்சத்தோட்டம் நாட்டுகிறாள் (வச. 16), தன் வியாபாரம் இலாபமுள்ளதென்று அறிகிறாள் (வச. 18), நெய்ததை வர்த்தகனிடம் விற்கிறாள் (வச. 24). பிரசங்கங்களில் இவ்வசனங்கள் விரைந்து கடக்கப்படுகின்றன. இருட்டோடே எழுந்திருக்கும் 15-ஆம் வசனம் மட்டும் நீண்ட நேரம் பெறுகிறது. இந்திய அரசு 2019-இல் எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கென நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடங்களைச் செலவிடுகிறாள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண் 97 நிமிடங்கள். அலுவலகம் சென்று திரும்பி, அடுப்படியிலும் நிற்பவளை நோக்கி, இருட்டோடே எழுந்திரு என்று பிரசங்கிப்பதற்கு நமக்கு ஒரு போதகர் தேவையில்லை. அவள் ஏற்கெனவே எழுந்துவிட்டாள்.

பாடலிலும் ஒரு குறை உண்டு, அதனை மறைக்கவேண்டியதில்லை. இது செல்வக் குடும்பத்தின் சித்திரம். எசமானியோடு இருட்டில் எழும் வேலைக்காரப் பெண்களுக்குப் படி அளக்கப்படுகிறது. அவர்களுக்குப் பாட்டு இல்லை. இக்குறையை நிரப்புவதுபோல் அமைந்துள்ளது எபிரெய வேதாகமத்தின் சில பழம்பிரதிகளில் காணப்படும் வரிசை. அவற்றில் நீதிமொழிகளை அடுத்து வருவது ரூத். எசமானியின் பாடலை முடித்து ஏட்டைப் புரட்டினால், கதிர் பொறுக்கும் ஏழை விதவை, அதுவும் அந்நிய நாட்டவள், அதே ஹாயில் என்னும் பட்டத்தோடு நிற்கிறாள்.

ரூத்தின் வயல் ஒரு பணியிடம். அவளைத் தொடாதிருக்கும்படி போவாஸ் வேலைக்காரருக்குக் கட்டளையிடுகிறான் (2:9). வேறு வயலில் என்ன நேரலாம் என்பது நகோமிக்கும் தெரியும் (2:22). கட்டளை ஆடவர்க்கு இடப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்வோம். ரூத்தை வீட்டில் இருக்கச் சொல்லவில்லை, அவள் உடையைப் பற்றியும் பேசவில்லை. ஆயினும் அது நல்ல எசமானன் ஒருவனுடைய தயவு. அடுத்த வயலுக்கு அது செல்லாது. தயவை உரிமையாக்குவதற்கு நம் நாட்டில் நெடுங்காலம் ஆயிற்று. 1992-இல் இராஜஸ்தானில், குழந்தை மணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டப் பெண் ஊழியர் ஒருவர் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானதன் விளைவாக எழுந்த விசாகா வழக்கில், 1997-இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. 2013-இல் அது சட்டமாயிற்று. பத்துப்பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடம் எதுவாயினும், மூத்த பெண் ஊழியர் ஒருவரின் தலைமையில் உள்ளகப் புகார்க் குழு அமைக்கப்பட வேண்டும். பள்ளியும் மருத்துவமனையும் அறக்கட்டளையும் இதற்கு விலக்கல்ல. நம் சபை நிறுவனங்கள் எவ்வாறு விலக்காகும்? குழுவின் பெயர்ப்பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டு, புகாரோடு வரும் பெண்ணிடம் முதற்கண் அவளது 'குணத்தை' விசாரிக்கும் நிறுவனத்தில் சட்டம் இருந்தும் பயனில்லை.

பாடலின் கடைசி வசனம் ஏவல் வடிவிலானது. அவ்வேவலும் பன்மையில் உள்ளது. அவள் கை ஈட்டியதை அவளிடமே கொடுக்கும்படி ஊரார் பணிக்கப்படுகின்றனர். அவள் செய்கைகள் ஊர் வாசலில் புகழப்படவேண்டும். வாசல் என்பது மூப்பர் அமர்ந்து வழக்கும் நிர்வாகமும் நடத்திய இடம். 23-ஆம் வசனத்தில் அவள் கணவன் வீற்றிருந்ததும் அங்கேதான். தென்னிந்தியத் திருச்சபையில் 2013-இல் முதன்முறையாக ஒரு பெண் பேராயராக அபிஷேகம் பெற்றார். நம் சேகரக் குழுக்களிலும் நிதிக் குழுக்களிலும் பெண்கள் எத்தனை பேர் என்பதை வாசகர் தத்தம் சபையில் எண்ணிக்கொள்ளலாம்.

அடுத்த திருத்தப் பதிப்பைக் காணும் பொறுப்புடையோர்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. 31:10-இல் யாத்திராகமத்தின் 'திறமையுள்ள' என்னும் சொல்லும், 31:29-இல் சங்கீதத்தின் 'பராக்கிரமஞ்செய்' என்னும் வினையும் தடையின்றிப் பொருந்தும். இரண்டும் நம் வேதாகமத்தில் ஏற்கெனவே உள்ள சொற்களே. பழகிய சொல்லை எடுத்தால் சபையார் வருந்துவர் என்று அஞ்சினால், அடிக்குறிப்பிலாயினும் இடட்டும். அதுவரை, திருமண ஆராதனையில் இப்பகுதியை வாசிப்போர் 31-ஆம் வசனத்தை விட்டுவிடாமல் இறுதிவரை வாசிக்கலாம். அதற்கு எந்தக் குழுவின் அனுமதியும் வேண்டியதில்லை.