இழைக்கப்பட்ட அநீதியும் அநியாயம் பண்ணிய கிராணியும்

நம்ம ஊர்ச் சிறுகதைப் போட்டிகளுக்கு வரும் கதைகளைக் கொஞ்ச காலமாக விடாமல் படித்து வருகிறேன். தோட்டத்துக் கதை என்றால் முக்கால்வாசி தாண்டியதும் ஒரு வாக்கியம் எட்டிப் பார்க்கும். 'நம் சமூகத்திற்கு இழைக்கப்பட்ட அநீதி' என்றோ 'காலங்காலமாக இழைக்கப்பட்டு வரும் அநீதி' என்றோ இருக்கும். அதுவரைக்கும் கதையில் ஒரு பாட்டி இருந்தார், ஒரு மங்கு இருந்தது, விடியாத இருட்டில் கித்தா மரத்துக்கு நடுவே ஒரு தலைவிளக்கு அசைந்தது. இந்த வாக்கியம் வந்ததும் எல்லாரும் விறைப்பாக எழுந்து நின்றுவிடுவார்கள், நெகாராக்கூ போட்ட மாதிரி.

எனக்கு முதலில் உறுத்தியது அந்த வினைச்சொல்தான். இழைத்தல். துரோகம் இழைக்கலாம், தீங்கு இழைக்கலாம், கொடுமை இழைக்கலாம். யாராவது நன்மை இழைத்துக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பேச்சில் இந்தச் சொல் தச்சரிடம் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது, அவர் பலகையை இழைப்பார். மற்றபடி இது மேடைச் சொல், தலையங்கச் சொல். அதுவும் பெரும்பாலும் 'இழைக்கப்பட்டது' என்றுதான் வரும். யார் இழைத்தது என்று கேட்டால் வாக்கியத்துக்குள் பதில் இருக்காது.

இதே பாட்டி வாயைத் திறந்து பேசினால் வேறு சொல் வரும். என் பாட்டி முப்பது வருடத்துக்கு மேல் பால் மரம் வெட்டியவர். அவர் அடிக்கடி சொன்ன ஒன்று: "அந்தக் கிராணி அநியாயம் பண்ணான். ரெண்டு பவுண்டு கொறச்சுப் போட்டான்." இந்தப் பேச்சில் எல்லாம் இருக்கிறது. செய்தவன் இருக்கிறான், செய்த காரியம் இருக்கிறது, அளவுகூட இருக்கிறது. பாலை நிறுத்த பிறகு அதில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று பார்க்க மெட்ரோலாக் என்று ஒரு கருவியை மிதக்க விடுவார்கள். அதில் எண்ணைப் படிப்பவர் கிராணி, சம்பளம் போவது பாட்டிக்கு. கருவியைப் படிக்கத் தெரியாதவரால் எப்படி 'ரெண்டு பவுண்டு' என்று துல்லியமாகச் சொல்ல முடிந்தது என்று கேட்டேன். "நேத்திக்கும் அதே மரம், அதே மழ, அதே கை" என்றார். நான் படித்த பொறியியலில் இதற்குப் பெயர் அளவுச் சரிபார்ப்பு.

பேச்சுச் சொல் என்பதாலேயே அதைத் தூக்கி வைத்துக் கொண்டாடவும் முடியாது. 'அநியாயத்துக்கு வெயில்', 'அநியாய வெல', 'அநியாயத்துக்கு அழகா இருக்கா' என்று அது தேய்ந்து தேய்ந்து 'ரொம்ப' என்ற அளவுக்கு வந்துவிட்டது. இருந்தாலும் இரண்டு சொல்லும் ஒன்றுதான், ஒன்று எழுத்துக்கு ஒன்று பேச்சுக்கு என்று நினைப்பதை நான் ஏற்கவில்லை. நியாயம் என்பதை நாம் எங்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் நியாயம் கேட்கலாம். நியாயமான விலை உண்டு. செய்த தப்பை நியாயப்படுத்தலாம். அதாவது நியாயம் என்பது காரணம், வாதம், கணக்கு. நீதியைப் பக்கத்து வீட்டில் போய்க் கேட்க முடியாது, அது மன்றத்தில் இருக்கிறது. நியாயப்படுத்து என்று சொல்கிறோம், நீதிப்படுத்து என்று ஒரு சொல் உருவாகவே இல்லை.

பழைய தமிழில் இது இரண்டும் இல்லாமலே வேலை நடந்திருக்கிறது. முறை என்றார்கள், கோல் என்றார்கள். குறளில் 55ஆவது அதிகாரம் செங்கோன்மை, 56 கொடுங்கோன்மை. நேரான கோல், வளைந்த கோல். சுவரில் ரசமட்டம் வைத்துப் பார்க்கிற என் மாதிரி ஆளுக்கு இது உடனே பிடித்துப்போகும். கோல் வளைந்தால் அது ஒருத்தர் கையில் வளைகிறது, யார் கை என்று தெரியும்.

இந்த வித்தியாசத்தை இரண்டு சபைகளை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதல் சபை மதுரை. நீதி கேட்ட கண்ணகி என்று நாம் பட்டிமன்றம் தவறாமல் சொல்கிறோம். காட்சியை மறுபடி படித்தால் அவள் நீதியைப் பற்றி அங்கே உரை நிகழ்த்துவதில்லை. தன் ஊரைச் சொல்கிறாள், அந்த ஊர் அரசர்கள் புறாவுக்கும் கன்றுக்கும் என்ன செய்தார்கள் என்று சொல்கிறாள், கணவன் பெயர், தன் பெயர். பாண்டியன் பதில் சொல்கிறான்: கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது. அவன் சொன்ன நியாயம் அந்தக் காலத்துக்குச் சரியான நியாயம். அதில் போட்ட தகவல்தான் தப்பு. அவள் அந்தத் தகவலை மட்டும் பிடித்துக்கொள்கிறாள். என் சிலம்பில் இருப்பது மாணிக்கம். அரசியின் சிலம்பில் முத்து. உடைத்துப் பார்க்கிறார்கள். எங்கள் துறையில் இதை அழிவுச் சோதனை என்போம், பொருளை உடைத்தால்தான் முடிவு தெரியும். மாணிக்கம் தெறித்ததும் அரசன் நடந்ததைச் செயப்பாட்டு வினையில் சொல்லவில்லை. தான்தான் கள்வன் என்று தன்மையில் சொல்லிவிட்டு விழுந்து சாகிறான்.

என் கணக்கில் கண்ணகிக்கு நடந்தது அநியாயம். மிகப் பெரிய அநியாயம், ஆனால் வாதத்தால் வெல்லக்கூடியது. சான்று காட்டினால் எதிராளி ஒப்புக்கொள்ள வேண்டிய வகை.

இரண்டாவது சபை அஸ்தினாபுரம், பாரதியின் பாஞ்சாலி சபதத்தில் வருவது. முதல் பாகம் 1912-இல் அச்சானது. சபைக் காட்சி இருக்கும் இரண்டாம் பாகம் பாரதி இறந்த பிறகுதான் வெளிவந்தது. திரௌபதியும் முதலில் நியாயம்தான் பேசுகிறாள். தன்னைத் தோற்ற பிறகு என்னைப் பணயம் வைக்க அவருக்கு என்ன உரிமை? அருமையான கேள்வி, வழக்கறிஞர் கேள்வி. பதில் சொல்பவர் பீஷ்மர். முன்பு பெண்ணுக்கு நிகர் உரிமை இருந்தது, பிறகு வந்த நூல்கள் அதை மாற்றிவிட்டன, இப்போதைய வழக்கப்படி கணவன் மனைவியை விற்கலாம், அடிமையானவனுக்கும் மனைவி மேல் உரிமை போகாது என்று விளக்குகிறார். அவளுடைய வாதம் தோற்றுவிட்டது, முறைப்படி, சட்டப்படி.

அந்தப் பதிலுக்குள் பீஷ்மர் அநீதி என்ற சொல்லைச் சொல்கிறார். இந்த இடத்தைப் பல வருடம் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன். நடப்பது அநீதி என்று தேர்ந்தாலும், சாத்திரம் இப்படி இருக்கிறது என்ற பொருளில் வருகிறது. சொல் ஒரு 'ஆலும்' விகுதியின் முதுகில் ஏறி வருகிறது பாருங்கள். தடுக்கத் தனக்குத் திறமில்லை என்று சொல்லித் தலையைக் குனிந்துகொள்கிறார். அந்தச் சபையில் மிகச் சரியான சொல்லை, மிகச் சரியான பொருளில் சொன்னவர், ஒன்றும் செய்யாத பெரியவர்.

பொருள் சரி என்று ஏன் சொல்கிறேன்? நியாயம் எல்லாம் அந்தப் பக்கம் இருக்கும்போது, விதி, வழக்கம், கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது, அதற்குப் பிறகும் மிஞ்சுகிற தவறுக்குத்தான் அநீதி என்ற சொல் தேவைப்படுகிறது. கிராணி ரெண்டு பவுண்டு குறைத்ததற்கு அது தேவையில்லை. அங்கே அநியாயமே போதும்.

இப்போது நம் பக்கம் வருகிறேன். ஒரு போட்டிக் கதை, பெயர் வேண்டாம், எழுதியவர் ஏறக்குறைய என் வயது. தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்படுகிறது. லயத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வருகிறது. அப்பாவுக்கு மலாய் படிக்க வராது, மகன் சத்தமாகப் படித்துக் காட்டுகிறான். 'டெங்ஙான் செகாலா ஹொர்மாட்ஞா' என்று ஆரம்பிக்கிறது, மிக்க மரியாதையுடன் என்று அர்த்தம். அப்பா நிறுத்தச் சொல்லி, "யாருக்கு மரியாத?" என்று கேட்கிறார். பையன், "நமக்குத்தான்பா" என்கிறான். அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "இப்பப் படி" என்கிறார்.

படித்ததும் மடிக்கணினியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் நடந்தேன். அந்தக் கடிதத்தில் சட்டப் பிழை ஒன்றும் இல்லை. நில உரிமையாளருக்கு விற்க உரிமை உண்டு, அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், மரியாதைகூடக் கொடுத்திருக்கிறார்கள். பாஞ்சாலியின் சபை அப்படியே ஒரு லயத்து வாசலில் இறங்கியிருக்கிறது. அடுத்த பத்தியில் எழுத்தாளர் 'பாட்டாளி வர்க்கத்துக்கு இழைக்கப்பட்ட அநீதி' என்று எழுதிவிட்டார். சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பாவை அதற்குப் பிறகு கதையில் காணோம். சொல் தப்பில்லை, பீஷ்மர் சொன்னது எப்படித் தப்பில்லையோ அப்படி. வேலை எல்லாம் அந்தச் சட்டையிலேயே முடிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியவில்லை, அல்லது நடுவர்களுக்குப் புரியாது என்று பயந்திருக்கலாம். நடுவர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு, அது தனிக் கட்டுரை.

இன்னொரு பக்கம் இதைவிட மோசம். பாட்டியின் தங்கைக்குச் சாகும்வரை சிவப்பு ஐசி. பிறந்தது இதே மண்ணில், பதிவுதான் இல்லை. பதிவு இல்லாததால் குடியுரிமை இல்லை, குடியுரிமை இல்லாதவர் 1968 சட்டத்துக்குப் பிறகு அனுமதிச் சீட்டு இல்லாமல் வேலை செய்ய முடியாது. அந்த வருடங்களில் ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஏறாமல் இங்கேயே ஒண்டியவர்களில் சின்னப்பாட்டியும் ஒருவர். ஒவ்வொரு படியிலும் கவுண்டரில் இருந்தவரின் நியாயம் சரிதான், தாள் இல்லையே. கிராணியைப் பற்றிப் பேச்சு வந்தால் அக்கா மாதிரியே இவரும் "அநியாயக்காரன்" என்பார். ஐசியைப் பற்றிக் கேட்டால் மட்டும், "என் தலயெழுத்து."

அநீதி என்று சொல்லியே ஆக வேண்டிய இடத்தில் நம் ஜனங்கள் தலையெழுத்து என்றார்கள். அநியாயம் என்றால் போதும் என்ற இடத்தில் நாம் அநீதி என்று எழுதுகிறோம். என் புகார் முழுக்க இதுதான்.

தலையெழுத்து என்று விடாதவர்களும் இந்த மண்ணில் இருந்திருக்கிறார்கள். 1941 கிள்ளான் வேலைநிறுத்தம். ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம், கள்ளுக்கடையை மூடு, முரட்டுச் சிப்பந்திகளை மாற்று, பெண்களிடம் வம்பு செய்வதை நிறுத்து. அந்த வரிசையில் ஒன்று: துரையோ சிப்பந்தியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். சம்பளத்தில் ஒரு காசு கூட்டாத கோரிக்கை. அதை எழுதச் சொன்னவர் யாரோ, அவர் ஒரு நல்ல சிறுகதையாசிரியராக வந்திருக்க வேண்டியவர் என்று தோன்றும். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டார், பிறகு நாடு கடத்தப்பட்டார். ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

நம் நாவல்களின் தலைப்புகளிலும் இந்தக் குணம் இருக்கிறது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை', கோ. புண்ணியவானின் 'செலாஞ்சார் அம்பாட்'. இடமும் ரயிலும் ஆறும். அங்கே போனால் காலில் மண் ஒட்டும்.

வாசிப்பு வட்டத்தில் இதைப் பேசியபோது பாரதியின் தெருக்காட்சியையும் சேர்த்துக்கொண்டேன். திரௌபதியைக் கூந்தலைப் பிடித்து இழுத்துப் போகும்போது ஊர்க்காரர்கள் ஐயோ கொடுமை என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பாரதிக்குக் கோபம் தாங்கவில்லை. மரம் மாதிரி நின்று புலம்புகிறீர்களே என்று திட்டித் தீர்க்கிறார். இழைக்கப்பட்ட அநீதி என்று எழுதும் கதைகள் அந்தத் தெருவில்தான் நிற்கின்றன என்றேன். சட்டம் படித்து வழக்காடும் தோழி ஒருத்தி ஒத்துக்கொள்ளவில்லை. முதலில், அந்தப் புலம்பலைத் திட்டப் பாரதி பெண்மையை இழுத்தது அவளுக்குப் பிடிக்கவில்லை, அதில் எனக்கும் மறுப்பில்லை. பிறகு சொன்னாள்: "தெருவுல நின்னு அழுதவங்கள அவ்ளோ லேசா தள்ளாத. தொழிலாளர் கேஸுக்குச் சாட்சி சொல்ல வாங்கன்னு கூப்பிட்டா பீஷ்மர் எவரும் வர்றதில்ல. அழுதவங்கதான் வர்றாங்க, அரைநாள் சம்பளத்த விட்டுட்டு."

அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.