ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: திராவிடர் படையும் கொல்லிமலைக் களமும்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்பது என்செம்பிள் ஸ்டுடியோஸ் உருவாக்கி, மைக்ரோசாப்ட் 1999 இல் வெளியிட்ட போர் உத்திக் கணினி விளையாட்டு ஆகும். உணவு, மரம், பொன், கல் ஆகிய நான்கு வளங்களைத் திரட்டி, நான்கு காலகட்டங்களைக் கடந்து, படை அமைத்து எதிரியை வெல்வதே ஆட்டம். இதன் புதுப்பிக்கப்பட்ட பதிப்பு 2019 இல் வந்தது. அதற்கு 2022 இல் வெளியான 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்னும் இணைப்பில் திராவிடர் தனி நாகரிகமாகச் சேர்க்கப்பட்டனர். இராசேந்திர சோழனின் போர்களும் ஒரு தொடராக இடம்பெற்றன.

வரலாற்றுப் பாடத்தில் படிக்கும் முன்பே இராசேந்திரனை இவ்விளையாட்டில் சந்திக்கும் மாணவர்கள் இருக்கக்கூடும். எனவே விளையாட்டு எதைச் சரியாகக் காட்டுகிறது, எதை விட்டுவிடுகிறது என்று ஆராய்வது தேவையாகிறது. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியை அளவுகோலாக வைத்துப் பார்த்தால் இரண்டும் தெளிவாகும்.

திராவிடர் படையின் வலிமை

திராவிடர் ஒவ்வொரு புதிய காலகட்டத்தில் நுழையும்போதும் 200 மரம் பெறுவர். அதைக் கொண்டு உடனே துறைமுகம் கட்டி மீன்பிடி படகுகளை இறக்குவதே நல்ல தொடக்கம். காலாட்படைக் கூடத்தின் ஆய்வுகளுக்கு இவர்களுக்குப் பாதிச் செலவுதான். 'ஊட்சு எஃகு' ஆய்வை முடித்தால் காலாட்படையின் தாக்குதலை எதிரியின் கவசம் தடுக்காது. உருமி வீரர், திரிசடை என்னும் போர்க்கப்பல் ஆகியவை இவர்களுக்கே உரியவை. கடல் சூழ்ந்த களத்தில் இந்தப் படை சிறந்து விளங்கும். சோழரின் கடற்படையை நினைவூட்டும் இவ்வமைப்பு பாராட்டத்தக்கது.

நிலப்பரப்பு மிகுந்த களத்தில் நிலைமை வேறு. இவர்களுக்குக் கனரகக் குதிரைப்படை இல்லை. யானைகளின் நடை மெதுவானது. ஈட்டி வீரரிடமும், மதம் மாற்றும் துறவியரிடமும் அவை எளிதில் சிக்கும். ஆகவே யானைகளைத் தனியே அனுப்பாமல் காலாட்படையைத் துணைக்கு அனுப்ப வேண்டும்.

ஓரி எங்கே?

வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாடலில், ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைக்கிறது. சிறுபாணாற்றுப்படையோ ஓரி என்னும் குதிரையை உடைய ஓரி, காரி என்னும் குதிரையை உடைய காரியோடு போரிட்டதைக் கூறுகிறது. வில்லும் குதிரையும் சேர்ந்ததே ஓரியின் அடையாளம். விளையாட்டின் திராவிடரிடம் குதிரை வலிமை இல்லை என்பதால், ஓரி, காரி போன்ற மலைத் தலைவர்களை அதில் காண இயலாது.

இடைக்காலத்தைப் பற்றிய விளையாட்டில் சங்ககாலத்தைத் தேடுவது முறையா என்று கேட்கலாம். பண்டைக் காலத்தைப் பற்றியது 1997 இல் வந்த முதல் பாகம்; அதில் இந்திய நாகரிகம் ஒன்றுகூட இல்லை. ஆக, சங்ககாலம் இரண்டிலும் விடுபட்டுவிட்டது. தமிழர் போர்முறை என்றாலே சோழரின் கடற்படை மட்டுமே என்ற எண்ணம் மாணவர் மனத்தில் பதிந்துவிடும்.

மேடும் பள்ளமும்

மேட்டில் நிற்கும் வீரரின் தாக்குதல் 25 விழுக்காடு கூடும். பள்ளத்திலிருந்து தாக்குவோருக்கு அதே அளவு குறையும். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறியவர்களுக்கு இவ்விதியின் நியாயம் புரியும். எனினும் மேட்டைப் பிடித்தால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. ஓரியிடம் மலையும் இருந்தது, வில்லும் இருந்தது; ஆனாலும் காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்தான் என்று அகநானூறு சொல்கிறது. விளையாட்டிலும் விளைநிலங்களைக் காக்காமல் மேட்டில் மட்டும் படையை நிறுத்துபவர் தோற்பார்.

பழைய பதிப்பும் தீர்வுகளும்

1999 ஆம் ஆண்டுக் குறுவட்டை விண்டோஸ் 7 கணினியில் இயக்கினால் நிறங்கள் சிதைந்து தோன்றுவதுண்டு. அவ்விளையாட்டு 256 நிறங்களில் இயங்குவதே காரணம். ஆட்டம் முடியும் வரை 'எக்ஸ்ப்ளோரர்' செயலியை நிறுத்தி வைத்தால் நிறம் சீராகும். 2000 இல் வந்த 'தி கான்கரர்ஸ்' இணைப்பு வைத்திருப்போர், ஆர்வலர்கள் உருவாக்கிய 'யூசர்பேட்ச்' மூலம் அகலத்திரையில் ஆடலாம். புதிய பதிப்பைத் திறன் குறைந்த கணினியில் ஆடுவோர், விருப்பத் தேர்வாகத் தரப்படும் உயர்தர வரைகலைத் தொகுப்பை நிறுவாமல் விடுவது நல்லது.

மதிப்பீடு

விடுபட்டதை நிரப்பும் கருவியும் விளையாட்டிலேயே உள்ளது. அதன் களம் அமைக்கும் பகுதியில் மலையை உயர்த்தலாம். திராவிடருக்கு இல்லாத குதிரை வீரரையும் அவர்கள் பக்கம் நிறுத்தலாம். ஒரே கணையால் வரிசையாகப் பலரைத் துளைக்கும் 'ஸ்கார்ப்பியன்' என்னும் பொறியை ஓரியின் வில்லுக்கு ஈடாக வைக்கலாம். ஆடி மாதத்தில் கொல்லிமலையில் நடைபெறும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டியைக் காணும் மாணவர், ஓரி–காரி போரைத் தாமே இவ்வாறு அமைத்துப் பார்க்கலாம். அதற்குப் பாடல்களை ஊன்றிப் படிக்க வேண்டியிருக்கும். ஆடித் தீர்ப்பதைவிட அதுவே பெரும் பயன்.