ஒரே நேரத்தில் எத்தனை மைக்?

பல ட்ராக் பதியும் கையடக்க ரெக்கோடர் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ட்ராக் எண்ணிக்கையை. 8, 16, 24 என்று இருக்கும். வன்னியில் இருந்து வாங்குகிறவர் அதைக் கடைசியில் பார்த்தால் போதும். ஒரே நேரத்தில் எத்தனை மைக்கைத் தனித்தனியாகப் பதியும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அடுத்த கேள்வி, கரண்ட் போனால் என்ன ஆகும் என்பது.

இந்தப் பெட்டிகளின் மூதாதை 1979இல் டாஸ்கம் கொண்டுவந்த போர்ட்டாஸ்டூடியோ 144. சாதாரண கசெற்றில் 4 ட்ராக் பதியும். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 1982ஆம் ஆண்டு இசைத்தட்டான 'நெப்ராஸ்கா' அந்தப் பெட்டியில், ஒரு வீட்டு அறைக்குள் பதிந்ததுதான். பாட்டும் கிற்றாரும் முதலில், அதன்மேல் மவுத் ஓர்கன், இன்னொரு குரல் என்று எல்லாம் ஒரே ஆளின் வேலை. அந்தத் தனி ஆளை மனதில் வைத்தே இன்றைக்கும் பல கருவிகளை வடிவமைக்கிறார்கள்.

எங்கள் பக்கத்து இசை அப்படி நடப்பதில்லை. முல்லைத்தீவின் கோவலன் கூத்தில் அண்ணாவியார் அடியை முடிக்கும்போதே பிற்பாட்டுக்காரர் ஏந்திக்கொள்வார்கள். மத்தளக்காரர் அண்ணாவியாரின் முகத்தைப் பார்த்துத்தான் அடியை மாற்றுவார். நாதஸ்வரமும் தவிலும் அப்படித்தான். ஆளுக்கொரு ஹெட்போன் கொடுத்து, கிளிக் சத்தத்துக்குத் தனித்தனியாக வாசிக்கச் சொன்னால் தாளம் சரியாக வரும், கூத்து வராது.

கிளிநொச்சிப் பக்கத்துத் தகரக் கூரை வீடொன்றில் மூன்று கருவிகளை வைத்துப் பார்த்தேன். ஸூம் நிறுவனத்தின் ஆர்-16, அதே நிறுவனத்தின் எச்-6, டாஸ்கமின் டிபி-008 இஎக்ஸ். ஸூம் பிறகு வெளியிட்ட ஆர்-20 தொடுதிரையோடு வரும் நல்ல கருவிதான். ஆனால் பற்றரியில் ஓடாது என்பதால் நான் அதைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. 2022 மார்ச் முடிவில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாடு இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டுப்பட்டதற்கு முழு இலங்கையும் இருண்டது. சுவர்ச் செருகியை மட்டும் நம்பும் ரெக்கோடர் இங்கே வேண்டாம்.

டிபி-008 இஎக்ஸைக் கையில் எடுத்ததும் பிடித்துப்போனது. ஒவ்வொரு ட்ராக்குக்கும் தனித் தனித் திருகி இருப்பதால், மெனுவுக்குள் போய்த் தேடாமலே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். உள்ளேயே இரண்டு மைக் இருக்கிறது, 4 ஏஏ பற்றரியில் ஓடுகிறது. கீபோர்டும் குரலுமாகத் தனியே பாட்டுக் கட்டுகிறவருக்கு இதற்கு மேல் தேவையில்லை. ஆனால் 8 ட்ராக் கொண்ட இந்தப் பெட்டி ஒரு தரத்தில் 2 ட்ராக் மட்டுமே பதியும். அண்ணாவியாருக்கு ஒன்று, மத்தளத்துக்கு ஒன்று, அதோடு சரி. பதிந்ததை அப்படியே எடுக்கவும் முடியாது. அது தன் சொந்த வடிவத்தில் சேமிப்பதால், வேவ் கோப்பாக மாற்றி, கார்டின் இன்னொரு பகுதிக்கு அனுப்பிய பிறகே கொம்பியூட்டரில் தெரியும். 

ஆர்-16 2009இல் வந்த பழைய கருவி, பெரும்பாலும் பாவித்ததைத்தான் தேட வேண்டும். ஆனால் ஒரே நேரத்தில் 8 மைக் பதியும். கூத்துக் குழு முழுவதையும் ஒரு விறாந்தையில் இருத்தி, ஒரே மூச்சில் பதிந்து, பிறகு சல்லரியை மட்டும் குறைக்க முடிந்தது இதில்தான். கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் இரண்டு வழிகளில் மட்டும் வரும். அது பெரிய குறையாக எனக்குப் படவில்லை, சவுண்ட் சேர்விஸ்காரரிடம் இரவல் கிடைப்பவை பெரும்பாலும் டைனமிக் மைக்தானே. மெல்லிய குரலுக்காகத் திருகியை நிறையக் கூட்டினால் பின்னால் ஓர் இரைச்சல் எழும். பாடுகிறவரை மைக்குக்குக் கிட்ட இருத்துவது ஒன்றே வழி. 6 ஏஏ பற்றரியில் நாலரை மணித்தியாலம் என்கிறது நிறுவனக் கணக்கு, 48 வோல்ட் போட்டால் அதிலும் குறையும்.

எச்-6 2013இல் வந்தது. 4 மைக் செருகலாம், நெற்றியில் பொருத்தும் எக்ஸ்-வை மைக்கையும் சேர்த்தால் 6 ட்ராக். 4 ஏஏ பற்றரியில் 20 மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் என்கிறார்கள், என்னிடம் இருந்தவரை பற்றரி மாற்ற நேரவில்லை. தவிலைப் பதியும்போது இதன் ஒரு வசதி கைகொடுத்தது. மேல் மைக்கின் பதிவை 12 டெசிபெல் குறைத்து இன்னொரு பிரதியும் எடுத்து வைக்கும். எதிர்பாராத அடி விழுந்து முதற்பிரதி பிளந்தாலும் மற்றது தப்பும். பின்னர் வந்த எச்-6 எசென்ஷலில் 32-பிட் ஃப்ளோட் இருப்பதால் சத்த அளவு பற்றிய கவலை இன்னும் குறைவு. பதிந்ததன்மேல் பதிவது எச்-6இல் முடியும், ஆனால் சின்னத் திரையோடு மல்லுக்கட்ட வேண்டும்.

கையில் போன் இருக்கிறதே, பாண்ட்லாப் சும்மா கிடைக்கிறதே என்பார்கள். ஒருவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிய அது போதும், புளூடூத் ஹெட்போனை மட்டும் போட வேண்டாம், தாளம் பிந்திக் கேட்கும். ஆனால் பல போன்கள் சத்தத்தைத் தாமாகவே சரிசெய்யும். தவிலில் ஓர் அடி விழுந்ததும் நாதஸ்வரம் கிணற்றுக்குள் போய் மெல்ல ஏறி வரும்.

கருவியைவிட இடமும் காலமும் பெரிய பிரச்சினை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை தகரத்தில் மழை, மழை விட்டால் தவளை. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலோடு ஊரூராய் ஒலிபெருக்கி. பகலில் லான்ட்மாஸ்டர், எப்போதும் மயில். எனக்கு வாய்த்தது மாசி மாதம். காலபோக அறுவடை முடிந்து, அறைக்குள் சுவரோரமாக நெல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். எதிரொலி அப்படியே அடங்கிவிட்டது. இதற்கென விற்கும் பஞ்சுத் தகடுகளைக் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் இவ்வளவு அடங்கியிருக்காது.

பதிந்ததை யாழ்ப்பாணத்துக்கோ ரொறன்ரோவுக்கோ மிக்ஸிங்குக்கு அனுப்புகிறவர்கள் டேற்றாக் கணக்கையும் பார்க்க வேண்டும். 44.1 கிலோஹேர்ட்ஸ், 24-பிட்டில் ஒரு ட்ராக் நிமிடத்துக்கு ஏறக்குறைய 8 எம்பி. 5 நிமிடப் பாட்டு 8 ட்ராக்கில் 320 எம்பி வரும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டொக்கியூமெண்டாக அனுப்புங்கள்.

தனியே பாட்டுக் கட்டுகிறவருக்கு டாஸ்கம். குழுவாக வாசிப்பவருக்கு, ஃபேடரைத் தள்ளி வீட்டிலேயே மிக்ஸ் பண்ணும் ஆசை இருந்தால் ஆர்-16. ஒரு கிராமத்து மன்றம் ஒன்றே ஒன்று வாங்கப்போகிறது என்றால் நான் எச்-6ஐச் சொல்வேன், அண்ணாவியார் எங்கள் வீட்டுக்கு வருவதைவிட நாங்கள் அவர் முற்றத்துக்குப் போவதே நடக்கிற காரியம்.

புதிதாக இங்கே வாங்கினால் 2024 ஜனவரியில் இருந்து 18 வீத வற் வரியும் சேரும். வெளிநாட்டு உறவினர் கொண்டுவருவதானால், கனடாவில் இருந்து வரும் அடப்டரில் 100-240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று முதலே கேளுங்கள், 120 மட்டும் என்றால் இங்கே செருகியதும் புகைதான். பாவித்த பெட்டி என்றால் பற்றரி மூடியைத் திறந்து துரு பாருங்கள். ஃபேடர்களை மேலும் கீழும் இழுத்துக் கரகரப்பைக் கேளுங்கள், செம்மண் தூசு முதலில் புகுவது அங்கேதான். பிறகு ஒரே மைக்கை எல்லா வழிகளிலும் மாறி மாறிச் செருகிப் பதிந்து, ஹெட்போனில் கேட்ட பிறகு காசைக் கொடுங்கள்.