கனடாப் பருப்பு

நான் முதன்முதலில் சாப்பிட்ட கனடா உணவு வடமதுரை ரேஷன் கடையில் வாங்கியது. சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் கிலோ 30 ரூபாய்க்குப் பருப்பு போட்ட காலம். துவரம் பருப்பு வராத மாதங்களில் அதற்குப் பதிலாக ‘கனடா மஞ்சள் பருப்பு’ வரும். அரசின் டெண்டர் அறிவிப்புகளிலேயே அதற்கு அந்தப் பெயர்தான். நான் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். அரியர் வைக்காமல் முடித்தால் கனடா போகலாம் என்று ஹாஸ்டலில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, கனடா எங்கள் வீட்டுச் சாம்பாரில் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மாவின் விமர்சனம் ஒரே வரிதான்: “பாக்கத் துவரையாட்டமே இருக்கு, வாசம்தான் வர மாட்டேங்குது.”

அம்மா ஒப்பிட்டாள். அந்த ஒப்பீடு எந்த இடத்தில் நிற்காது என்பதையும் சேர்த்தே சொன்னாள். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் அதைத்தான். கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கனடா உணவு பற்றித் தமிழில் வரும் வீடியோக்களையும் பயணக் கட்டுரைகளையும் கவனித்தால் இரண்டு வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று: “கனடாவுக்குன்னு சொந்தமா சாப்பாடே கிடையாது.” இன்னொன்று: “அட, இது நம்ம ஊரு அயிட்டம்தானே!” முதல் வாக்கியம் அந்த ஊர்க்காரர்களிடம் எதுவும் இல்லை என்கிறது. இரண்டாவது, இருப்பதையும் நம்முடையதாக்கிவிடுகிறது. இரண்டையும் நானே சொல்லியிருக்கிறேன் என்பதால் வாக்குமூலம்போல எழுதுகிறேன்.

*

2019 ஜனவரியில் அலுவலகம் என்னை மூன்று மாதம் டொரண்டோவுக்கு அனுப்பியது. முதல் வாரமே உடன் வேலை செய்தவர்கள் பூட்டீன் சாப்பிட அழைத்துப் போனார்கள். பொரித்த உருளைக்கிழங்கு, அதன்மேல் சின்னச் சின்னச் சீஸ் கட்டிகள், அதன்மேல் சூடான பழுப்பு நிறக் கிரேவி. போட்டோ எடுத்து ஊர் நண்பர்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன்: “சிப்ஸ் மேல சால்னா ஊத்தித் தர்றாங்கடா.” எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் ஒரு நாட்டையே புரிந்துகொண்ட திருப்தி.

பிறகுதான் அதன் கதையைப் படித்தேன். கியூபெக் மாகாணத்தின் வார்விக் என்ற சின்ன ஊரில் 1957இல் ஃபெர்னாண்ட் லஷான்ஸ் என்பவரின் உணவகத்தில், வாடிக்கையாளர் ஒருவர் சீஸ் கட்டிகளைப் பொரித்த உருளைக்கிழங்கோடு ஒரே பையில் போட்டுத் தரச் சொன்னார் என்பது பரவலான கதை. கிரேவி பின்னால் வந்து சேர்ந்தது. அதை முதலில் சேர்த்தது நாங்கள்தான், 1964இல், என்று ட்ரம்மண்ட்வில் என்ற ஊர் உரிமை கொண்டாடுகிறது. பூட்டீன் என்றால் அந்த வட்டார வழக்கில் குழப்படி, களேபரம் என்று பொருள். கியூபெக்கின் கிராமப்புறம் பால் பண்ணைகள் நிறைந்தது. சீஸ் கட்டிகள் அன்றன்று கடைக்கு வந்தால்தான் பூட்டீன். புதிய கட்டியைக் கடித்தால் பல்லில் ‘கீச்’சென்று சத்தம் வரும், ஓரிரு நாளில் அந்தச் சத்தம் போய்விடும். என் சால்னா உவமையில் இந்தச் சத்தத்துக்கு இடமே இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் 1957க்கு வேறொரு முக்கியத்துவம் உண்டு. திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு பிரியாணிக் கடை தொடங்கிய ஆண்டு அது. அவர் தலைப்பாகை கட்டியிருந்ததால் கடைக்குத் தலப்பாக்கட்டி என்று பெயர் வந்தது. இரண்டு கடைகளும் ஒரே ஆண்டில் அமைந்தது தற்செயல்தான், அதில் தத்துவம் தேட வேண்டாம். அதன்பின் நடந்தது மட்டும் ஒத்துப்போகிறது. சீரக சம்பாவும் திண்டுக்கல் கைப்பக்குவமுமாக இருந்தது ஊரைத் தாண்டிப் போனது. இன்று எந்த நெடுஞ்சாலையில் இறங்கினாலும் ‘திண்டுக்கல் பிரியாணி’ என்று போர்டு இருக்கிறது. பாஸ்மதியில் செய்து அந்தப் பெயரில் விற்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சுருக்கென்கிறது.

கியூபெக்காரர்களுக்கு அதைவிட ஆழமாகத் தைத்திருக்கிறது. ஏழைகளின் எண்ணெய்த் தீனி என்று பல ஆண்டுகள் பூட்டீனைக் கேலி செய்தார்கள். பிரெஞ்சு பேசும் கியூபெக்காரர்களை இளக்காரம் செய்யவும் அது பயன்பட்டது. அப்புறம் மொன்றியாலில் மார்ட்டின் பிக்கார்ட் போன்ற சமையல் கலைஞர்கள் அதை உயர்தர உணவகத்துக்குக் கொண்டுபோனார்கள். கொஞ்ச காலத்தில் அது ‘கனடாவின் தேசிய உணவு’ ஆகிவிட்டது. கேலி செய்தபோது அது கியூபெக்குடையது, பெருமை வந்ததும் கனடாவுடையதா என்று நிக்கோலா ஃபாபியன்-உவெலெட் என்ற ஆய்வாளர் வாதிட்டார். அந்த வாதம் 2017இல் பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்டது.

முதலில் படித்தபோது முழுக்க அவர் பக்கம் நின்றேன். ஸ்கார்பரோவில் சாப்பிட்ட ஒரு கொத்து ரொட்டியை நினைத்துப் பார்த்ததும் அவ்வளவு உறுதியாக நிற்க முடியவில்லை.

*

ஸ்கார்பரோவில் ஒரு சனிக்கிழமை மதியம். வெளியே பனி. உள்ளே கல்லில் தகடுகள் அடிக்கும் சத்தம். வடமதுரை பஸ் நிறுத்தத்தில் நிற்பதுபோல இருந்தது. கடைக்கார ஐயா, “தம்பி, இந்தியாவில எவிடம்?” என்று கேட்டார். திண்டுக்கல் பக்கம் என்றேன். சாப்பிட்டுவிட்டு உற்சாகமாக, “ஐயா, இது எங்க ஊர்க் கொத்துப் பரோட்டாவேதான்” என்றேன்.

“இல்லைத் தம்பி. அது வேற, இது வேற.”

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் பிழை திருத்துகிறமாதிரி சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விட்டார்.

1986 ஆகஸ்டில் 155 தமிழர்கள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் தத்தளித்து, உள்ளூர் மீனவர்களால் காப்பாற்றப்பட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் போர் துரத்தி வந்தவர்கள் ஏராளம். அவர்களின் பிள்ளைகளுக்கு ரோல்ஸும் கொத்து ரொட்டியும் டொரண்டோவின் உணவு. ‘இதுவும் கனடா உணவுதான்’ என்று ஒருவர் ஒப்புக்கொண்டால் அவர்களுக்கு அது ஓர் அங்கீகாரம். ஆக, கியூபெக்காரரிடமிருந்து பறிக்கும் அதே பெயர் ஸ்கார்பரோ தமிழருக்கு ஓர் இடத்தைக் கொடுக்கிறது. ‘கனடா உணவு’ என்ற சொல்லைச் சரி என்றோ தவறு என்றோ பொதுவாகத் தீர்க்க முடியாது. யார், யாருடைய தட்டைப் பார்த்துச் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது அது. நான் அந்த ஐயாவிடம் சொன்னது உபசார வார்த்தை என்று நினைத்திருந்தேன். உண்மையில் நானும் அவர் தட்டின் மேல் என் போர்டைத்தான் மாட்டினேன்.

*

2020 ஊரடங்கில் வடமதுரை வீட்டிலிருந்து வேலை. எல்லாரையும்போல ஓவன் வாங்கினேன். எல்லாரும் வாழைப்பழக் கேக் செய்தபோது நான் பட்டர் டார்ட் செய்து பார்த்தேன். அதன் மிகப் பழைய அச்சுக் குறிப்பு 1900இல் ஒன்டாரியோவின் பாரி நகரில், ஒரு மருத்துவமனைக்கு உதவப் பெண்கள் தொகுத்த சமையல் புத்தகத்தில் இருக்கிறது. மைதா மாவுக் கிண்ணத்துக்குள் வெண்ணெய், சர்க்கரை, முட்டை, உலர்திராட்சை. அவ்வளவுதான். திராட்சை போடலாமா கூடாதா, நடுப்பகுதி ஒழுக வேண்டுமா இறுக வேண்டுமா என்று அங்கே குடும்பச் சண்டையே நடக்கும்.

பழுப்புச் சர்க்கரைக்குப் பதில் நெய்க்காரப்பட்டி வெல்லத்தைப் பொடித்துப் போட்டேன். முதல் தடவை பொங்கி வழிந்து தட்டெல்லாம் கருகியது. வெல்லத்தில் ஈரம் அதிகம். இரண்டாம் தடவை அடுப்பில் கொஞ்சம் வற்றவைத்தேன். மூன்றாம் தடவைதான் அம்மாவிடம் நீட்டினேன். சோமாஸ் மாதிரி என்பாள் என்று எதிர்பார்த்தேன். மெதுவாக மென்றுவிட்டு, “இது வேற என்னமோ. நல்லாருக்கு” என்றாள். ஸ்கார்பரோ ஐயா சொன்ன அதே ‘வேற’. ஒன்றை வேறு என்று ஒப்புக்கொண்டபிறகும் ருசிக்க முடிகிறது. உண்மையில் அப்போதுதான் ருசிக்கவே தொடங்குகிறோம் என்று தோன்றியது.

இங்கேயே முடித்திருந்தால் அழகான கட்டுரை ஆகியிருக்கும். சித்தப்பா மகன் விடவில்லை.

முருங்கைத் தோட்டத்தை அடமானம் வைத்துத்தான் சித்தப்பா 2022இல் அவனைக் கனடாவுக்குப் படிக்க அனுப்பினார். பிராம்ப்டனில் ஒரு தரைத்தள அறையில் நான்கு பேர். இரவில் ஒரு காபிக் கடையில் வேலை. நான் டார்ட் போட்டோவை ஸ்டேட்டஸ் வைத்த ஒரு நாள் போன் செய்தான்.

“அண்ணே, நீ அங்க உக்காந்து கனடா பலகாரம் சுடுற. நான் இங்க ராத்திரி பூரா டோனட் அடுக்குறேன். ஒன்னு தின்னுப் பாக்கணும்னுகூடத் தோணலண்ணே.”

“பூட்டீன் சாப்பிட்டியாடா?”

“அந்தக் காசுக்கு ரெண்டு நாள் சமைச்சிருவேன்.”

என்ன சமைக்கிறாய் என்று கேட்டேன். பருப்பும் சோறும். என்ன பருப்பு? மைசூர் பருப்பு, அங்கே அதுதான் மலிவு. பெயரில்தான் மைசூர். சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தில் ஆல் ஸ்லிங்கார்ட் 1970களில் இந்த இனப் பயிரைக் கனடாவின் சமவெளிக்குப் பழக்கினார். அவர் உருவாக்கிய ‘லேர்ட்’ ரகம் 1978இல் வந்தது. இன்று உலகிலேயே அதிகமாக இந்தப் பருப்பை ஏற்றுமதி செய்வது கனடாதான். பெரும்பகுதி கப்பலேறி நம்மைப் போன்றவர்களின் அடுப்புக்கு வந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் கனடா உணவை அந்த மண்ணிலேயே தினமும் சாப்பிடுகிறவன் அவன்தான். அதை எந்த வீடியோவும் காட்டாது. நானும் என் ஸ்டேட்டஸில் காட்டியதில்லை.

எதைச் சொல்லி அவனைத் தேற்றுவது என்று தெரியவில்லை. அம்மாவின் பழைய கேள்வியைத்தான் கேட்டேன்.

“வாசம் வருதாடா?”

“சீரகம் தாளிச்சா வருதுண்ணே.”